உடும்புக் கறியும் காட்டுக் காளானும்

அக்காவிடம் ஒன்றைப் பற்றிக் கேட்டால் இரண்டைப் பற்றிச் சொல்வாள். அந்த ஊருக்குக் குடிபோன முதல் நாளே இதைத் தெரிந்துகொண்டேன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து பத்து வருஷம் போல ஆகியிருந்த காலம். என் வீட்டுக்காரருக்கு வல்லத்திராக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை கிடைத்தது. நான் மணமேல்குடிக்காரி, கடல் காற்றில் வளர்ந்தவள். செம்மண்ணும் காடும் எனக்குப் புதுசு. சாமான்களை இறக்கி வைத்துவிட்டுக் குடத்தோடு வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் நெடுநெடுவென்று ஒரு பெண் உட்கார்ந்து கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எந்தக் கெணத்துத் தண்ணி நல்லாருக்கும்க்கா?" என்று கேட்டேன்.

அவள் செடியைக் கீழே போட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்க விரித்தாள்.

"கோயில் கெணத்துத் தண்ணி தாகத்துக்கு நல்லது. ஆனாப் பருப்பு வேகாது. வயக்கெணத்துத் தண்ணியில பருப்புப் பஞ்சா வேகும், குடிச்சாத் தாகம் அடங்காது. ஒனக்கு இப்பக் குடிக்கணுமா, சமைக்கணுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வெயிலில் வண்டியில் வந்தவளிடம் ஒரு கிணற்றைக் காட்டினால் போதாதா? ஆனால் அன்றைக்கு இரண்டு கிணற்றிலும் தண்ணீர் எடுத்தேன். அந்த ஊரில் இருந்த வரைக்கும் அப்படித்தான் எடுத்தேன்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவள் என்னை ஏத்தா என்பாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் கூரை வரை எட்டாது. இங்கே தாளித்தால் அங்கே தும்முவார்கள். அங்கே பேசினால் இங்கே கேட்கும்.

அந்த வீட்டில் நாலு பேர். அக்கா, அவள் புருஷன், மாமியார், கொழுந்தன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் மூக்கு ஒழுகுகிற பையனாம். அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அடித்து, ஆளாக்கியவள் அவள்தான். நான் பார்க்கும்போது அவனுக்கு மீசை முளைத்திருந்தது. ஆனாலும் அவன் "மதினி" என்று கூப்பிடுவதில் அந்தச் சின்னப் பையன் இருந்தான்.

யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் அக்கா தனியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் ஒருமுறை என் வீட்டுக்காரரைப் பற்றி அழுதபடி சொன்னேன், கோபம் வந்தால் பேசுவதே இல்லை என்று. ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன். "ஒங்க வீட்டுக்காரரு பேசாமக் கோவிக்கிறாரு. எங்க வீட்டுக்காரரு பேசிக் கோவிக்கிறாரு. ஒனக்கு மறுநா காதுல ஒண்ணும் இருக்காது. எனக்கு மறுநா மனசுல ஒண்ணும் இருக்காது" என்றாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

எல்லோரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு இடத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. எது நல்ல இடம் என்று தாய்க்காரி அக்காவிடம் வந்து கேட்டாள். அக்கா கையை விரித்து இரண்டு மாப்பிள்ளைகளையும் எடைபோட்டாள். ஒருத்தன் நிலம் உள்ளவன், ஆனால் தாய் சொல்லைத் தாண்டமாட்டான். இன்னொருத்தன் தாயில்லாதவன், ஆனால் நிலமும் இல்லாதவன். அவள் எடைபோட்டது இரண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேருமே வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரி அடுத்த பொங்கல் வரை அக்காவோடு பேசவில்லை. "ஒரு பக்கமாச் சொல்லியிருக்கலாம்ல?" என்று நான் கேட்டேன். "சொல்லலாம்த்தா. மறு பக்கம் என்னையப் பாத்துக்கிட்டே நிக்குமே" என்றாள்.

இந்தப் பழக்கத்தை மனதார வெறுத்தவள் அவள் மாமியார். ஒரு தடவை அவள் தன் குழம்பை மருமகள் வாயால் பாராட்ட வைக்க நினைத்து, "எங்கொழம்பு நல்லாருக்கா, ஒங்காத்தா வைக்கிற கொழம்பு நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டாள். "கொழம்பு ஒங்களுது, அயித்தை. ரசம் எங்காத்தாளுது" என்று அக்கா பதில் சொன்னாள். அந்த ஆடி முழுக்க மாமியார் ரசமே தொடவில்லை. ஊர்க் கிணற்றடியில் இரண்டு பேருக்கும் ஆகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆள் பார்க்கவே சண்டை போடுவார்கள். "மலடி" என்று மாமியார் சொன்னதை நானே சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அக்காவும் சும்மா இருக்கவில்லை.

கொழுந்தனுக்கு மட்டும் இது விளையாட்டு. வயலிலிருந்து வந்து கால் கழுவும்போதே ஆரம்பிப்பான்.

"மதினி, ஒரலுக்கும் ஒட்டகத்துக்கும் சொல்லுங்க பாப்பம்."

"ரெண்டுக்கும் விசேஷம் மேலதான்டா. ஒரலுக்குக் குழி, ஒட்டகத்துக்கு மேடு. போய்ச் சாப்புடு."

"திருமயம் கோட்டைக்கும் எங்கண்ணனுக்கும்?"

"ரெண்டும் எடத்த விட்டு அசையாது. கோட்டைய மட்டும் நாலு பேரு வந்து பாக்குறான்."

அண்ணன்காரனும் உள்ளேயிருந்து சிரிப்பான். மாமியார் மட்டும், "வீடா இது, கூத்துக் கொட்டகையா?" என்பாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. இரண்டு நாள் இடி விடாமல் இடித்தது. இடிக்குப் பிறகு காளான் பூக்கும் என்று பெண்கள் எல்லோரும் கூடையோடு காட்டுப் பக்கம் போவார்கள். புற்றுகளின் மேல் குடை விரித்திருக்கும் காளானைத்தான் பறிப்பது வழக்கம். அக்காவும் போனாள். திரும்பி வந்து சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "கொஞ்சமாத்தான் கெடச்சுச்சு. புத்துல பூத்ததயெல்லாம் முன்னாடியே பறிச்சுட்டாளுக. ஒனக்குத் தரலன்னு நெனச்சுக்காதத்தா, நாளைக்குக் கெடச்சாத் தாரேன்" என்றாள். மத்தியானம் காளான் குழம்பு வாசனை எங்கள் வீடு வரை வந்தது. அவள் புருஷன் அன்று புதுக்கோட்டைச் சந்தைக்குப் போயிருந்தார். மாமியாரும் கொழுந்தனும்தான் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் வேட்டைக்காரர் வந்து நின்றார். கண்மாய்க் கரையில் குடிசை போட்டு இருந்தவர். முயல், கவுதாரி, உடும்பு பிடித்து விற்பார். சில வாரங்களுக்கு முன்னால் அவருடைய நாய் இவர்கள் கடலைக் கொல்லையில் புகுந்து செடிகளைத் தோண்டிப் போட்டுவிட்டது. கொழுந்தன் கல்லெறிந்ததில் நாயின் கால் ஒடிந்தது. இரண்டு பேருக்கும் பெரிய வாய்ச்சண்டை, நடுத்தெருவில், ஊரே பார்க்க. அன்று அவர் கையில் பனையோலையில் சுற்றிய உடும்புக் கறி.

"தம்பி, நாய் நொண்டினாலும் நடக்குது. நாம ஏன் மொகத்தத் திருப்பிக்கிட்டுத் திரியணும்? பெரிய உடும்பு, பாதி எங்களுக்கு, பாதி ஒங்களுக்கு. வாங்கிக்கங்க" என்றார்.

கொழுந்தன் இறங்கிப் போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

விளக்கு வைத்த நேரத்தில் நாலு பேரும் சாப்பிட்டார்கள். சந்தையிலிருந்து வந்த புருஷனும் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் குரல் கேட்டது.

"மத்தியானம் காளான், இப்ப உடும்பு. எது ஒசத்தி மதினி?"

"உடும்பு ஓடும், வெரட்டிப் பிடிக்கணும். காளான் ஓடாது, தேடிப் போகணும். உடும்பு இன்னைக்குத் தப்பிச்சா நாளைக்கும் இருக்கும். காளான இன்னைக்கு விட்டா நாளைக்கு இல்ல."

"ருசியச் சொல்லுங்க."

"உடும்பு பல்லுக்கு, காளான் நாக்குக்கு."

"எனக்கு நாக்குத்தான் மதினி. அதனாலதான் மத்தியானம் ஒங்க பங்கையும் நான் தின்னேன்" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்த மாதிரி இருந்தது.

விடியும்போது ஓங்கரிக்கும் சத்தம் கேட்டு நான் எழுந்து ஓடினேன். மாமியாரும் கொழுந்தனும் வாசலில் கிடந்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு. அவன் முகம் ஒரே ராத்திரியில் உள்ளே போயிருந்தது. அவன் தலையை அக்கா மடியில் வைத்திருந்தாள். ஒரு கையில் மாமியாருக்கு வெந்நீர். புருஷன் வண்டியைப் பூட்டினார். சொந்தக்காரர் இரண்டு பேர் கூட ஏறினார்கள். வண்டி புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனது. மாட்டையும் வீட்டையும் பார்க்க அக்கா மட்டும் நின்றாள். வண்டி போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊரில் ஒரே பேச்சாக இருந்தது. ராத்திரி கடைசியாக உள்ளே போனது உடும்பு. கொடுத்தது வேட்டைக்காரர். சண்டை போட்டது ஊரறிய. சமாதானம் பேசுகிற மாதிரி வந்து கறியில் விஷத்தைத் தடவிக் கொடுத்துவிட்டான் என்றார்கள். அவர் வீட்டில் மற்றப் பாதியைத் தின்றவர்கள் நன்றாக இருந்தார்களே என்றால், அந்தப் பாதியில் அவன் எதற்குத் தடவப் போகிறான் என்றார்கள். அக்கா புருஷனும் அக்காவும் அதே கறியைத் தின்று நடமாடினார்களே என்றால், சிலர் உடம்பு தாங்கும் என்றார்கள். மத்தியானத்துக்குள் வேட்டைக்காரரைக் கொண்டுவந்து சாவடித் தூணில் கட்டிவிட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவரான அம்பலகாரர் வந்து உட்கார்ந்தார். போலீசுக்குச் சொல்லி அனுப்புவதா, அதற்கு முன்னால் நாமே விசாரிப்பதா என்று பேச்சு நடந்தது. விசாரிப்பது என்றால் என்ன என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவர் உதடு ஏற்கெனவே கிழிந்திருந்தது. அவர் பெண்சாதி மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் அக்காவிடம் ஓடிவந்து சொன்னேன். அவள் அடுப்படியில் முந்தின நாள் காளான் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுவாத சட்டி.

"உடும்பாத்தான் இருக்கும்னு சொல்றாகளா?" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்றாங்க."

அவள் எழுந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். ஆம்பிளைகள் கூடிய சாவடிக்கு அதுவரை அவள் போனதில்லை. போய் அம்பலகாரருக்கு எதிரே நின்றாள். கை தானாக விரிந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்ங்க. கேட்டுட்டு என்ன வேணாச் செய்யுங்க. நேத்து எங்க வீட்டுல ரெண்டு கறி. ராத்திரி உடும்பு, மத்தியானம் காளான். உடும்ப எங்க வீட்டுக்காரரு தின்னாக, நான் தின்னேன், தம்பி தின்னுச்சு. அயித்தை திங்கல."

"அவகளுக்கும் போட்டியேம்மா?" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு சொந்தக்காரர்.

"எலையில போட்டேன். அவுக உடும்பு திங்கமாட்டாக. வேணாம்னு சொன்னா சின்ன மகன் கொறை நெனப்பான்னு, பேச்சோட பேச்சா அவன் எலைக்குத் தள்ளிவிட்டாக. பரிமாறுன எனக்குத்தான் தெரியும். உடும்பத் தொடாத அவுக ஆஸ்பத்திரியில கெடக்காக. உடும்பத் தின்ன நான் இங்க நிக்கிறேன்."

அம்பலகாரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காளான அவுக ரெண்டு பேருதான் தின்னாக. நான் திங்கல, எம்பங்கத் தம்பி கேட்டுச்சு, போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரரு இல்ல. காளானத் தின்ன ரெண்டு பேருந்தான் கெடக்காக." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அத நாந்தான் பறிச்சேன். புத்துல ஒண்ணு ரெண்டுதான் கெடச்சுச்சுன்னு காட்டுக்குள்ள மரத்தடியில பறிச்சேன். புத்துக் காளான் ஒண்ண ஒரு கையிலயும், இத ஒரு கையிலயும் வச்சுப் பாத்தேன். கொடையும் வெள்ள, காம்பும் வெள்ள, மணமும் ஒண்ணா இருந்துச்சு. பாத்துட்டுத்தான் பறிச்சேன். ஒண்ணுன்னு நெனச்சேன்."

"மாமியாளுக்குன்னே பறிச்சிருப்பா" என்று கூட்டத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் திரும்பவில்லை.

"அந்த மனுசன அவுத்து விடுங்க. யாராச்சும் ஒரு ஆளு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. டாக்டருகிட்ட உடும்புன்னு சொல்லியிருப்பாக. காளான்னு சொல்லுங்க, காட்டுக் காளான்னு சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்தார். அம்பலகாரர் தலையசைத்ததும் ஒருவர் போய்க் கயிற்றை அவிழ்த்தார். வேட்டைக்காரர் கையைத் தேய்த்துக்கொண்டு அக்கா முன்னால் வந்து நின்றார். பெண்சாதியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தகவல் தெரிந்து வந்த புருஷன், "சொல்லணுமாடி? ஊரே வேற நெனச்சுக்கிட்டிருந்தப்ப ஒனக்கென்ன வந்துச்சு?" என்று கேட்டது சுவர் வழியாகக் கேட்டது.

"அவரக் கட்டி வச்சிருந்தாக. நான் வாயக் கட்டிக்கிட்டு எப்புடி இருக்கிறது?" என்றாள்.

டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். மாமியார் மெல்லத் தேறினாள். கொழுந்தன் தேறவில்லை. நடுவில் ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தானாம், பிழைத்துவிட்டான் என்றே நினைத்தார்களாம். அதன் பிறகு கண் மஞ்சளாகிப் போய்விட்டான். அவனைக் கொண்டுவந்து இறக்கியபோது அக்கா அழுததை நான் எழுத மாட்டேன். அவனைத் தூக்கும்போது வேட்டைக்காரரும் வந்து, கொஞ்ச தூரம் பாடையைச் சுமந்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஊர் இரண்டு விதமாகப் பேசியது. நேர்மையானவள் என்று சிலர். தான் மட்டும் தின்னாமல் தப்பித்தவள் என்று பலர். கிழவிக்கு வைத்த குறி பிள்ளைக்குப் பட்டுவிட்டது என்று கிணற்றடியில் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரி அவள் கொடுத்த மோரைக் கூட வாங்காமல் போனாள். புருஷன் பல நாள் கொல்லைக் குடிசையிலேயே படுத்தார். பிறகு வந்தார். மாமியார் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. வைத்த சோற்றைத் தின்றாள், மூலையில் சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்தச் சத்தமில்லாமை தாங்கவில்லை. பழைய சண்டையே தேவலை என்றிருந்தது.

அக்கா மாறிப்போனாள். எதைக் கேட்டாலும், "எனக்குத் தெரியலத்தா" என்பாள். எந்தக் கடையில் அரிசி நல்லாயிருக்கும் என்று கேட்டால்கூட அதே பதில். கையைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். ஒரு நாள் மட்டும் தானாகச் சொன்னாள். "சொல்லாம இருந்திருந்தாலும் அவன் செத்திருப்பான். சொன்னப்பறமும் செத்துட்டான். சொன்னதுனால அந்த மனுசன் தப்பிச்சாரு. அவ்வளவுதான்த்தா." பிறகு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

வருஷம் திரும்பித் தலைத்திவசம் வந்தது. சொந்தக்காரர்கள் வந்தார்கள். சமையல் முழுக்க அக்காதான் செய்தாள், வேறு யாரையும் மாமியார் ஏற்பாடு செய்யவில்லை. பூசணிக்காய்ச் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பாயசம். படையல் முடிந்து ஆம்பிளைகளுக்குப் பந்தி விரித்தார்கள். அக்கா சோறு வைத்துக்கொண்டே போனாள், சாம்பார் ஊற்றினாள். நான் தண்ணீர்ச் செம்போடு கதவோரம் நின்றிருந்தேன்.

ஒருவரும் கை வைக்கவில்லை.

ஒருத்தர் இலை ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஒருத்தர் காலையிலிருந்து வயிறு சரியில்லை என்றார். அம்பலகாரர் கூரையைப் பார்த்தார். அக்கா புருஷன் துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார். வாளியோடு அக்கா நடு வீட்டில் நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து அவளுக்கு நடை தள்ளாட்டம். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து பந்தியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"எனக்கு எலை போடு."

"ஆத்தா, இது ஆம்பளைக பந்தி..." என்றார் மகன்.

"செத்தது எவன் வயித்துப் பிள்ள? என் வயித்துப் பிள்ள. போடுடா எலைய."

இலை போட்டார். அக்கா சோறு வைத்தாள். மாமியார் வரிசையை ஒரு முறை பார்த்தாள்.

"இவளுக்கும் எனக்கும் ஆகாது. ஒங்க எல்லாருக்கும் தெரியும். என்னையக் கொல்ல இவளுக்குக் காரணம் இருக்கு, நானே குடுத்திருக்கேன். அவனக் கொல்ல இவளுக்கு என்ன காரணம்? எனக்குப் போட்ட சட்டியிலதான் அவனுக்கும் போட்டா. இன்னும் வேணும்னு கேட்டான், தன் பங்கையும் எடுத்துப் போட்டா. ஆசையிலதான் போட்டா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டாள். மென்று விழுங்கினாள். இன்னொரு கவளம். பிறகு தலையை நிமிர்த்தி, ஒரு வருஷத்துக்குப் பிறகு மருமகள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சாம்பார்ல உப்புக் கொறச்சலா இருக்கு."

"எடுத்தாரேன், அயித்தை" என்றாள் அக்கா. அடுப்படிக்குள் போனவள் உடனே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். உப்பை மாமியாரின் இலை ஓரத்தில் வைத்தாள். அதற்குள் அம்பலகாரர் கை இலைக்குப் போயிருந்தது. ஒவ்வொருவராகச் சாப்பிட ஆரம்பித்தார்கள். வயிறு சரியில்லை என்றவர் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

அடுத்த பந்தியில் பெண்களோடு நானும் உட்கார்ந்தேன். அதே சாம்பார்தான் ஊற்றினாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.